பழுப்பாகாத ஆப்பிள்

போன வாரம் புதிதாக டீச்சர் வேலையில் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். அதிகாரி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது செய்முறை கோளாறாகிவிட்டால் என்ன செய்வது? அன்றே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் நீங்கள் கடைசி மின்சார ரயிலையும் விட்டிருப்பீர்கள். அதனால் காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எழுதித் தருகிறேன் என்றேன்.

முப்பத்து மூன்று வருடம் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் அறிவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சோதனைக் குழாய் வெடித்திருக்கிறது. தவளை ஜன்னல் வழியாகத் தப்பித்து அடுத்த அறையில் நடந்த தையல் வகுப்பைக் கலைத்திருக்கிறது. அதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம். உங்கள் கேள்விக்குப் பதிலாவது ஒரு ஆப்பிள் மட்டும்தான்.

அப்போது எனக்கு வேலையில் இரண்டாவது வருடம். அறுபதுகளின் பின்பாதி. தாம்பரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளி. அப்பா தவறிவிட்டிருந்தார். சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் படித்துக்கொண்டிருந்த இரண்டு தங்கைகளும் இருந்தோம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து என் வகுப்பைப் பார்த்து எழுதுகிற நாலு வரியில்தான் அது இருந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் பள்ளிகளுக்கென்று தனியாகப் பெண் அதிகாரிகள் உண்டு. எங்கள் வட்டாரத்துக்கு வருகிறவரைப் பற்றி வதந்திகள் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன. ஒரு பள்ளியில் பாடம் நடத்திய டீச்சரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பாடம் நடத்தினாராம். இன்னொரு பள்ளியில் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனாராம். இரண்டில் எது மோசம் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு வாய்த்த பாடம் பௌதிக மாற்றமும் இரசாயன மாற்றமும். இப்போது நீங்கள் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்கிறீர்கள். பெயர் மாறியதே தவிர பாடம் மாறவில்லை. புத்தகத்தில் பனிக்கட்டி உருகும், மக்னீசியம் நாடா எரியும். பனிக்கட்டிக்கு நாங்கள் பல்லாவரம் வரை போக வேண்டும், கொண்டு வருவதற்குள் அது தன் பாடத்தைத் தானே நடத்தி முடித்திருக்கும். மக்னீசியம் நாடா பள்ளியில் இருந்தது, விரல் நீளத்துக்கு. அது தலைமையாசிரியை அம்மாவின் பீரோவில், அவருடைய சாவிக்கொத்தின் பாதுகாப்பில் இருந்தது.

போய்க் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

"எரிச்சுக் காட்டணும், மேடம்."

"எரிச்சுட்டா அடுத்த வருஷம் எதைக் காட்டுவீங்க சரோஜா டீச்சர்?"

வெறுங்கையோடு திரும்பினேன். அவரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். உயரமானவர். மெல்லிய கரை போட்ட வெள்ளைப் புடவை. இருபது வருடமாகத் தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்துக் கடிகாரம் தவறினாலும் தவறும், அவர் தவறியதாகச் சரித்திரம் இல்லை. மணி தப்பாக அடித்தால்கூட அவர் அடிக்கச் சொன்னதுதான் நேரம் என்று நாங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம்.

மக்னீசியம் இல்லை என்றானதும் பழங்களை எடுத்துக்கொண்டேன். பழத்தை வெட்டினால் பௌதிக மாற்றம். காய் பழுத்தால் இரசாயன மாற்றம். பிழிந்தால் இது, அழுகினால் அது. ஒவ்வொரு பெண்ணின் வீட்டிலும் பார்க்கிற விஷயம். யோசனை நல்ல யோசனைதான். அதை நான் கெடுத்த விதம்தான் கதை.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்கு நாலு நாள் முன்பு பாடத்தை ஒரு தடவை நடத்திப் பார்த்தேன். ஒரு கொய்யாப்பழத்தை வெட்டி, "இது பௌதிக மாற்றம். ஏன்னா பௌதிக மாற்றத்தைத் திரும்பப் பழையபடி கொண்டுவரலாம்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து கன்னியம்மா எழுந்தாள். அவள் அம்மா ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே கூடையில் பழம் விற்கிறவள். பழ விஷயத்தில் அந்த வகுப்பில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது, என்னையும் சேர்த்து.

"டீச்சர், வெட்டுன கொய்யாவ எப்டி டீச்சர் திரும்ப ஒட்டறது? எங்கம்மா கைல கூட ஆவாது."

வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அதெல்லாம் பரீட்சைக்குக் கேக்க மாட்டாங்க, உட்காரு" என்றேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் பதில் தோன்றியது. வெட்டினாலும் கொய்யா கொய்யாதான், புதுப் பொருள் எதுவும் உண்டாகவில்லை, அதுதான் விஷயம், ஒட்ட முடியுமா என்பது இல்லை. மறுநாள் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் இப்படி ஒரு கேள்வி வந்தால் என் கதி என்ன என்று பயந்து, கேள்விக்கே இடமில்லாதபடி வகுப்பைப் பழக்க ஆரம்பித்தேன். மூன்று நாள். நான் இதைக் கேட்பேன், நீங்கள் இதைச் சொல்ல வேண்டும். நான் தட்டைத் திறப்பேன், "இதன் நிறம் என்ன?" என்பேன். நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில், "பழுப்பு நிறம், டீச்சர்." மூன்றாவது நாள் சாயங்காலம் அவர்கள் சொன்ன ஒழுங்கைக் கேட்டால் கோவில் மணி தோற்றுவிடும்.

அந்தத் தட்டில் இருக்கப்போவது ஆப்பிள். வெட்டி வைத்த கொய்யா மெதுவாகத்தான் நிறம் மாறும். வாழைக்காய் சீக்கிரம் கறுக்கும், வீட்டில் தினம் பார்ப்பதுதான். ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் வாழைக்காயா? ஆப்பிள் என்றால் ஒரு கௌரவம். அந்த நாளில் எங்கள் பக்கம் ஆப்பிள் கிடைக்கிற இடம் காசநோய் ஆஸ்பத்திரி இருந்த சானடோரியம் ஸ்டேஷன் அருகில்தான். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்காக அங்கே பழக்கடைகள் இருந்தன. போய் ஒரு ஆப்பிள் கேட்டேன்.

கடைக்காரர் பரிவோடு பார்த்தார். "எந்த வார்டும்மா?"

"வார்டு இல்லைங்க. ஏழாம் கிளாஸ்."

"ஏழாம் நம்பரா? யாரு, வூட்டுக்காரரா?"

"இல்லைங்க, இன்ஸ்பெக்ட்ரஸ் வராங்க. அவங்களுக்குக் காட்டறதுக்கு."

"இன்ஸ்பெக்டருக்கேவா? அடப்பாவமே. இந்தச் சீக்குக்குப் போலீசு, பப்ளிக்னு இன்னா தெரியும். ரெண்டா எடுத்துக்கினு போம்மா, ஒண்ணு இன்னாத்துக்கு ஆவும்."

அவர் துக்கத்தைக் கலைக்க மனமில்லாமல் இரண்டு வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டாவது ஆப்பிள் பிறகு என்னைக் காப்பாற்றியது என்பதால் அவருக்கு இங்கே ஒரு நன்றி.

அந்த நாள் வந்தது. என் பாடம் மூன்றாவது பீரியட். முதல் மணி அடித்ததும் ஒரு ஆப்பிளை ஆறு துண்டாக வெட்டிப் பீங்கான் தட்டில் அடுக்கினேன். மூன்றாவது பீரியடுக்குள் நன்றாகப் பழுப்பேறிவிடும். வகுப்பில் இன்னொரு ஆப்பிளை வெட்டிப் பக்கத்தில் வைத்தால் வெள்ளையும் பழுப்பும் கண்ணெதிரே தெரியும். தட்டைப் பூவேலை செய்த ஒரு கைக்குட்டையால் மூடி, ஆசிரியர் அறை மேஜையில் வைத்துவிட்டு இரண்டாவது பீரியடுக்குப் போய்விட்டேன். அந்த மேஜையில் வேறு என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பிளாஸ்க், இரண்டு நல்ல கோப்பை, பிஸ்கட், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் இருந்தன. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்கான உபசாரம்.

மணி அடித்ததும் ஓடிவந்து, மூடியபடியே தட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பின்னாலேயே இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். குள்ளமான, அமைதியான அம்மாள். வெள்ளை வாயில் துணிப் புடவை, ரெக்ஸின் பை, மழையே இல்லாத மாதத்தில் ஒரு குடை. பக்கத்தில் தலைமையாசிரியை. இருவரும் பின்னால் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். என் கையில் தட்டைப் பார்த்ததும் தலைமையாசிரியை புருவத்தை உயர்த்தி ஏதோ ஜாடை காட்டினார். என்னைத் தைரியப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் அழகாகத் தொடங்கியது. எலுமிச்சம்பழத்தைக் காட்டினேன், பிழிந்தால் பௌதிக மாற்றம் என்று கோரஸ் வந்தது. இரண்டாவது ஆப்பிளை எடுத்துப் பாதியாக வெட்டினேன். நிறம் என்ன? "வெள்ளை நிறம், டீச்சர்." ஒரு பாதியைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

"இப்ப இது காலையில முதல் பெல்லுக்கு வெட்டின ஆப்பிள்" என்று கைக்குட்டையை எடுத்தேன். மேடைப் பேச்சாளர்போல் பிள்ளைகளைத்தான் பார்த்தேனே தவிரத் தட்டைப் பார்க்கவில்லை. "இதன் நிறம் என்ன?"

"பழுப்பு நிறம், டீச்சர்."

குனிந்து பார்த்தேன். ஆறு துண்டும் மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன.

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.

"பழுப்பு நிறம், மேடம்." இந்தத் தடவை இன்னும் உரக்க. அதிகாரி கேட்கிறாரே.

அவர் எழுந்து முன்னால் வந்தார். முதல் பெஞ்சில் ஹெப்சிபா. ரயில்வே குமாஸ்தாவின் மகள், வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள், சொன்ன பேச்சைத் தட்டாதவள்.

"உன் பேர் என்னம்மா?"

"ஹெப்சிபா, மேடம்."

"என் புடவை என்ன நிறம்?"

"வெள்ளை, மேடம்."

"இந்த ஆப்பிள்?"

ஹெப்சிபா புடவையைப் பார்த்தாள். ஆப்பிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பிவிட்டது. "பழுப்பு, மேடம்" என்றாள் மெல்ல.

அந்த நிமிடம் எனக்கு வேலை போய்விடும் என்பது உறைத்தது. ஆனால் அந்தக் குழந்தையின் முகம் அதைவிட அதிகமாக உறைத்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை அதுவல்ல. அப்போது வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மேடம், இது மலைப்பிரதேசத்து ஆப்பிள். குளிர்ல விளைஞ்சது. அதனால மெதுவாத்தான் மாறும்."

"அப்படியா?" என்றார். "அப்ப இது?"

அவர் விரல் காட்டிய இடத்தில், நான் கொஞ்ச நேரம் முன்பு வெட்டி வைத்த பாதி ஆப்பிள் ஓரமாகப் பழுப்பேற ஆரம்பித்திருந்தது.

"அதுவும் அதே கடைதான், மேடம்" என்றேன். இதைவிட முட்டாள்தனமான உண்மையை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

கடைசி பெஞ்சில் கன்னியம்மா எழுந்துவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். "டீச்சர், காலீல வெட்டுனது வெள்ளையா கீது. இப்ப வெட்டுனது கறுத்துகினு வருது. தலகீழா கீதே, டீச்சர்."

ஸ்டேஷன் பக்கம் ஏதோ ரயில் கூவியது. இன்னொரு பொய் என் நாக்கில் தயாராக இருந்தது, வெயில், நிழல், ஜன்னல் என்று. ஆனால் பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று களைப்பாக இருந்தது. தைரியம் ஒன்றும் இல்லை. களைப்புதான்.

"ஆமா, தலைகீழாத்தான் இருக்கு" என்றேன். "ஏன்னு எனக்குத் தெரியலை."

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிள்ளைகள் ஒரு டீச்சர் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்பத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் முதல் பெஞ்சில், ஹெப்சிபா நகர்ந்து கொடுத்த இடத்தில், உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் இப்படி இருக்கும்? யாருக்காவது எதாவது தோணுதா?" என்று கேட்டேன்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூடி வைத்ததால் காற்றுப் படவில்லை, டீச்சர். பீங்கான் தட்டு, டீச்சர். கத்தி வேற, டீச்சர். மேடம் வந்ததால பயந்து வெளுத்துப்போச்சு, டீச்சர். இதைச் சொன்ன பெண் சொல்லி முடிக்கும் முன்பே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் மோந்து பாக்கட்டா, டீச்சர்?" என்றாள் கன்னியம்மா.

வந்தாள். ஒரு துண்டை எடுத்து மோந்தாள். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நக்கினாள். "எலுமிச்சம்பழம் புழிஞ்சிகீது, டீச்சர். உப்பும் கீது." தட்டை லேசாகச் சாய்த்து விரலால் தள்ளினாள். துண்டுக்கு அடியிலிருந்து ஒரு எலுமிச்சை விதை வெளியே வந்தது. "தோ."

"ஆப்பிள்ல எலுமிச்சை விதை" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். "யார் புழிஞ்சது?"

என் கண் தானாகப் பின்பக்கம் போனது. தலைமையாசிரியை அம்மா மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். வலது கை புடவைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஜாடை காட்டியது தைரியப்படுத்த அல்ல, 'அதை ஏன் இங்கே எடுத்து வந்தாய்' என்று கேட்க.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்தான் என்று சொன்னால் அந்த நாளை வென்றுவிடலாம், அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் ஒரு நாளும் நிம்மதியாக இருக்க முடியாது. நான்தான் என்று சொன்னால் அதிகாரியை ஏமாற்றியவள் ஆவேன். பிள்ளைகள் யாராவது விளையாடியிருப்பார்கள் என்று சொல்லலாம், அது மிகச் சுலபம், அதனாலேயே அது மிகக் கேவலம். நல்லவேளையாக அந்தச் சமயத்தில் எனக்கு உண்மையாகவே வேறொரு ஆவல் வந்துவிட்டிருந்தது.

"யாருன்னு அப்புறம் பார்க்கலாம், மேடம்" என்றேன். "இது வெள்ளையா இருக்கறதுக்கு எலுமிச்சைதான் காரணமா, உப்பு காரணமான்னு முதல்ல பார்த்துடலாமா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாருங்க" என்றார்.

மீதியிருந்த பாதி ஆப்பிளில் பழுப்பேறிய பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மூன்று துண்டாக்கினேன். ஒன்றைச் சும்மா வைத்தோம். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தோம். ஒன்றுக்கு உப்பு வேண்டும். மாங்காய்க்கென்று பையில் உப்பு வைத்திருக்கிற பெண் இல்லாத ஏழாம் வகுப்பு உலகத்தில் கிடையாது. ஒரு பொட்டலம் உடனே முன்னால் வந்தது. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டியதுதான். அதிகாரி முன்னால் ஒரு டீச்சர் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதிகம் போனால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நாற்பத்திரண்டு பேரும் பெஞ்சை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றிவிட்டார்கள். நான் உட்காரச் சொல்லவில்லை. சும்மா வைத்த துண்டு ஓரத்திலிருந்து பழுப்பேற ஆரம்பித்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எலுமிச்சைத் துண்டு அப்படியே இருந்தது. உப்புத் துண்டு விஷயத்தில் சண்டை வந்துவிட்டது.

"அது மாறலை."

"லேசா மாறியிருக்கு, இங்க வந்து பாரு."

"அது ஒன் நிழலு, தள்ளி நில்லு."

"ஒரு ஓரத்துல மட்டும் மாறிகீது."

என் பயிற்சியின் அடையாளமே இல்லை. ஒரு குரல்போல் இன்னொரு குரல் இல்லை. அப்போது எல்லார் தலைக்கும் மேலிருந்து, உயரமான ஒருவரின் குரல் வந்தது.

"உப்பு தனியாப் போட்டா அவ்வளவா நிக்காது. எலுமிச்சையும் உப்பும் சேர்த்துப் போடணும். நான் அப்படித்தான்…"

தலைமையாசிரியை அம்மா அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் வண்டி போய்விட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் எப்போது நாற்காலியை விட்டு எழுந்து எங்கள் பின்னால் வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது.

"நீங்களா?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

இருபது வருடத்தில் தவறே செய்யாதவர் ஏழாம் வகுப்பின் நடுவில் நின்று விளக்கம் சொன்னார். "உங்களுக்குக் கொடுக்கத்தான் ஆப்பிள் வாங்கி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன், மேடம். காலையிலயே வெட்டிவெச்சுக் கறுத்துப் போயிருந்துச்சு. பள்ளிக்கூடத்து மானம் போயிடுமேன்னு மேலாப்புல சீவிட்டு, கொஞ்சம் எலுமிச்சையும் உப்பும்… எங்க வீட்டுல அப்படித்தான் பண்ணுவோம்."

சீவியது பௌதிக மாற்றம். பிழிந்தது இரசாயன மாற்றத்தைத் தடுத்தது. என் முகம் அந்த நேரத்தில் என்ன மாற்றம் அடைந்தது என்பதை வகைப்படுத்த முடியவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் நிதானமாக எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "எனக்கு ஆப்பிள் தின்னா பல்லு கூசும்" என்றார். "வாழைப்பழம் இருந்தா போதும்."

மணி அடித்தது. தாழ்வாரத்தில் அவர் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்கலாமா, காரணம் சொல்லலாமா என்று தெரியாமல் கூடவே நடந்தேன். படி இறங்கும் இடத்தில் நின்றார்.

"பழுப்பு நிறம்னு சொல்ல எத்தனை நாள் பழக்கினீங்க?"

"மூணு நாள், மேடம்."

"அதை மறக்கவைக்க எத்தனை நாள் ஆகும்னு நெனைக்கிறீங்க?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. ஆசிரியர் அறைக்குப் போய், இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, டீ குடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். அறிக்கையில் என்ன எழுதினார் என்று எனக்குக் கடைசிவரை காட்டவில்லை. அந்த வருடக் கடைசியில் வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. தலைமையாசிரியை அதை என் கையில் கொடுக்கும்போது, "இனிமே எதை மேஜையில வெச்சாலும் சீட்டு எழுதி ஒட்டி வைங்க, சரோஜா டீச்சர்" என்றார். அவர் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆக, செய்முறை கோளாறானால் என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். அன்று செய்முறை கோளாறாகவே இல்லை, ஆப்பிள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கோளாறாகியிருந்தது வகுப்பு. அதைக் கோளாறாக்கியவள் நான்.

ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸின் இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அது லேசில் விடவில்லை. மூன்று நாளில் பழக்கியதை மறக்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மறுவாரம் ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது காய்தானே?" என்று கேட்டேன். "காய்தான், டீச்சர்" என்று நாற்பத்தொரு குரல். கன்னியம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அடுத்த வாரம் சப்போட்டாவைப் பச்சை நிறம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர் மேல்நோக்கி ஓடும் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் எலுமிச்சம்பழம் இனிக்கும் என்று சொன்னபோதுதான் நடு பெஞ்சில் ஒரு பெண், குரலே எழும்பாமல், "தப்பு, டீச்சர்" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் பெண்ணை எழுப்பி நிற்கவைத்து, வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். நான் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல வேண்டும், அதுதான் அறிவியல் என்று பெரிய பிரசங்கமும் செய்தேன்.

விளைவு மறுநாளே தெரிந்தது. வகுப்புக்குள் போய், "இன்னைக்குப் புதன்கிழமை" என்று சொல்லிக் கரும்பலகையில் தேதி எழுதினேன்.

"தப்பு, டீச்சர்" என்றது வகுப்பு. நாற்பத்திரண்டு குரல், ஒரே ஸ்வரம்.

காற்றுக்கு எடை உண்டு என்றேன். தப்பு. சூரியன் கிழக்கே உதிக்கும் என்றேன். தப்பு. கைதட்டலுக்காகக் காத்திருந்தார்கள். பின்னால் இரண்டு பேர் கைகளைத் தயாராகவே வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன்.

"தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்துல இருக்கு."

"தப்பு, டீச்சர்."

அந்தச் சத்தம் அடங்கியதும் முதல் பெஞ்சில் ஹெப்சிபா எழுந்தாள். ஆய்வு நாளுக்கு அப்புறம் அவள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. திரும்பி வகுப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது சரிதான், டீச்சர்" என்றாள். "எங்க வீட்டு ரேஷன் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு. நானே பார்த்தேன்."